மூணாந் தண்ணிக்குப் பிறகு

தம்போய்,
ஜோகூர் பாரு, மலேசியா,
5.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தேன்மொழி எழுதுவது. இங்கே நானும் இவரும் லோஷினியும் சுகம். உங்கள் சுகம், அண்ணி சுகம், மாடுகளின் சுகம் எல்லாவற்றுக்கும் பதில் போடவும். போன தடவை மாதிரி மூன்று வரியில் முடித்தால் ஒட்டிய தபால்தலைக்கே அவமானம்.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை. நான் கத்தினால், "ஏன் கத்துறே?" என்று நீங்கள் அதைவிடக் கத்துகிறீர்கள். கைபேசியில் எழுதி அனுப்பச் சொன்னால் உங்கள் விரலுக்கு அந்தப் பலகை போதவில்லை. இருபது வருஷம் புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்தில் நடந்ததற்குக் கிடைத்த பரிசு அந்தக் காது. அதனால் இந்தக் காலத்திலும் நான் தபால்பெட்டியைத் தேடி அலைகிறேன். தபால் நிலையத்துப் பெண்ணுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

நல்ல செய்தி, வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. செப்டம்பர் எட்டு, ஞாயிறு காலையில் குடிபோகிறோம். சிவப்பியும் அவள் கன்றும்தான் முதலில் வாசல்படி ஏற வேண்டும். இவருடைய அக்கா, வாடகை மாடு பிடித்துத் தருகிறேன் என்றார். "எங்க அண்ணன் மாடு வரும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், மாட்டம்மை. தோலில் கட்டி கட்டியாக வருமே, அதை உண்டாக்கும் வைரஸ். உயிருள்ள வைரஸை நாங்கள் தொடுவதில்லை. அதன் ஒரே ஒரு புரதத்தைத் தனியாகச் செய்து பார்க்கிறோம். உடம்பில் ஓர் உயிரணுவுக்குள் வைரஸ் புகுந்தால் அது சும்மா இருக்காது. "எனக்குள்ள ஆள் வந்துட்டான், நீங்க கதவைச் சாத்துங்க" என்று அக்கம்பக்கத்துக்குக் கூப்பாடு போடும். அந்தக் கூப்பாட்டுக்கு இண்டர்பெரான் என்று பெயர். பக்கத்து உயிரணுக்களின் மேல் அதைக் கேட்கக் காது மாதிரி ஒன்று உண்டு. கேட்டதும் அவை கதவை அடைத்துக்கொள்ளும். இந்த அம்மை வைரஸ் என்ன செய்கிறது தெரியுமா? அந்தக் காதைப் போலவே போலிக் காதுகளைச் செய்து வெளியே விடுகிறது. கூப்பாடெல்லாம் அதில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். அடுத்த வீட்டுக்கு ஒன்றும் எட்டாது. கதவு திறந்தே கிடக்கும். காது செய்யும் அந்த வித்தையையும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற உயிர்களிடமிருந்துதான் அது திருடியிருக்க வேண்டும் என்கிறார்கள். நான் பார்ப்பது அந்தப் போலிக் காதைத்தான்.

அண்ணிக்கு வணக்கம். சிவப்பிக்கு என் பேரில் ஒரு கை புல் கூடுதலாகப் போடுங்கள்.

தங்கை,
தேனு

*

லாபிஸ்,
20.5.2024

அன்புத் தங்கை தேனுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணி சந்திரமதியும் சுகம். மாடுகள் ஒன்பதும் சுகம். சிவப்பி, அவள் கன்று, கட்டைக்கொம்பி, பெரிய ராணி, சின்ன ராணி, மிச்ச நாலு பேரும். மாப்பிள்ளைக்குப் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் மாறியதா? லோஷினி பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா?

போலிக் காது என்று எழுதியிருந்தாய். ரெண்டு மிச்சம் இருந்தால் எனக்கு அனுப்பி வை. டாக்டர் கொடுத்த மெஷினை மாட்டினால் கொசு பாட்டுக் கச்சேரி நடக்கிறது. கழற்றி அரிசி டின்மேல் வைத்துவிட்டேன்.

சிவப்பி இருக்கும்போது உன் வாசலை வேறு மாடு மிதிக்குமா? அக்காளிடம் நீ சொன்னது சரி. பக்கத்துக் கொட்டகை ரபேல் தன் லோரியிலேயே கொண்டுவந்து இறக்குவதாகச் சொல்லிவிட்டான். அவனுக்குப் பதினோரு மாடு, எனக்கு ஒன்பது. ஞாயிறானால் அவன் மாதா கோயிலுக்கு, வெள்ளியானால் நான் மாரியம்மன் கோயிலுக்கு. மாடுகள் மட்டும் இருபதும் ஒன்றாகச் செம்பனைக் காட்டில் மேய்கின்றன. அதுகளுக்கு மதம் கிடையாது, புல்தான்.

ரபேல் என்னிடம் எப்படிப் பேசுவான் என்று உனக்குத் தெரியும். என் காதுக்கு எட்ட வேண்டும் என்று கத்தினால் ரயில் ஸ்டேஷன் வரை எட்டும். நேற்று லோரி விஷயம் பேசினான். ரோட்டில் போன பக்கத்துவீட்டு மலாய்க்காரர் பாக் மான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "எந்தத் தேதி தம்போய்க்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார். முப்பது வருஷமாக எங்கள் வீட்டு ரகசியம் ஒன்றுகூட இந்தக் கம்பத்து ஜனங்களுக்கு ரகசியமாக இருந்ததில்லை.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசி.

அண்ணன்,
சின்னத்தம்பி

*

(எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்தது)

லாபிஸ்,
19.6.2024

தேனு,

சுகம் என்று ஆரம்பிக்க வரவில்லை. சிவப்பிக்கு அம்மா வந்திருக்கிறாள்.

மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லை. மூக்கு ஒழுகியது, பால் பாதியாகிவிட்டது. இன்று காலையில் தடவிப் பார்த்தேன். கழுத்திலும் தொடையிலும் முத்துப் போட்டிருக்கிறது. புளியங்கொட்டை அளவு, சிலது எலுமிச்சங்காய் அளவு. உன் அண்ணி பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொட்டகை வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. வீட்டில் கறி மீன் இல்லை, தாளிப்பு இல்லை, பால் யாருக்கும் கொடுப்பதில்லை. மூன்று தண்ணி ஊற்றி அம்மா இறங்கும்வரை யாரும் வாசல் மிதிக்கக் கூடாது. ரபேலிடம், எனக்குக் கால் வலி, கொஞ்ச நாளைக்கு என் மாடுகளை இந்தப் பக்கமே கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

நீ சொல்லும் கட்டி இதுதானோ? கால்நடை இலாகாவுக்குத் தெரிந்தால் ஒன்பதையும் கொன்று குழியில் தள்ளுவார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்பதில் நிப்பா காய்ச்சல் வந்து பன்றிப் பண்ணைகளுக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் நீ சும்மா இருக்க மாட்டாய். சும்மா இருக்கவும் கூடாது. அதுதான் பயம்.

எழுதிவிட்டேன். ஆனால் அம்மா இருக்கும் வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது, நெருப்பாக இருந்தாலும் மோராக இருந்தாலும். காகிதம் மட்டும் போகலாமா என்று உன் அண்ணியைக் கேட்டேன். "கூடவே கூடாது" என்றாள். நிஜத்தைச் சொன்னால், அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. மடித்து அரிசி டின்னுக்குள் வைக்கிறேன்.

அண்ணன்

*

தம்போய்,
30.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்டுக் கேட்டே என் பேனா தேய்ந்துவிட்டது. நடுவில் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. லாபிஸ் தபால்காரரை மாடு முட்டிவிட்டதா, இல்லை உங்களுக்குத்தான் என்மேல் கோபமா?

அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. இவர் வீட்டார் எல்லோரிடமும் சிவப்பியைப் பற்றிப் பேசியாகிவிட்டது. லோஷினி தன் தோழிகளிடம், "எங்க மாமா மாடு எங்க வீட்டுக்குள்ள வரும், மாடிக்கும் வரும்" என்று அளந்து வைத்திருக்கிறாள். படி ஏறுமா அண்ணா?

வேலை நன்றாகப் போகிறது. இன்னொரு தந்திரம் சொல்கிறேன். உயிரணுவுக்குள்ளேயும் ஒரு காவல்காரன் உண்டு. வைரஸின் வாடை பட்டதும் அவன் சமையற்கட்டையே இழுத்துப் பூட்டிவிடுவான். தனக்கும் சோறில்லை, வந்தவனுக்கும் சோறில்லை, செத்தாலும் பரவாயில்லை என்கிற ரோஷக்காரன். அம்மை வைரஸ் முதலில் தன் வாடை தெரியாமல் மூடிக்கொள்ளும். அப்படியும் அவன் எழுந்து வந்தால், அவன் பூட்டத் தேடும் தாழ்ப்பாளைப் போலவே ஒரு போலித் தாழ்ப்பாளை அவன் கையில் திணிக்கும். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், தின்கிறவன் தின்றுகொண்டே இருப்பான்.

கோபம் வருவதற்குப் பதில் எனக்கு ஆச்சரியம்தான் வருகிறது. பெரிய சண்டை ஒன்றும் போடுவதில்லை. எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்று நம்பவைத்தே காரியத்தை முடித்துவிடுகிறது.

உடனே பதில் போடுங்கள். அண்ணியிடம் சொல்லுங்கள், என் வீட்டில் முதல் பால் பொங்கவைப்பது அவர்தான்.

தேனு

*

லாபிஸ்,
8.7.2024

அன்புத் தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். கோபமெல்லாம் இல்லை. வீட்டில் கொஞ்ச நாள் விரதம் இருந்தோம், எனக்குக் கால் வலி வேறு. போன வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து விரதத்தை முடித்தோம். மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

இங்கே நல்ல மழை. புல் இடுப்பளவு நிற்கிறது. வெயில் பார்த்த மறுநாளே சிவப்பியை மறுபடி ரபேல் மாடுகளோடு மேயவிட்டேன். அவளும் ஆசையாகப் போனாள். மாடு படி ஏறாது, லோஷினியிடம் சொல்லிவிடு. ஏறினாலும் இறங்காது.

ரபேல் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னான். மாட்டுக்கு அந்தக் கட்டி வந்து, காய்ந்து, பொருக்குத் தட்டிவிட்டால் அத்தோடு முடிந்ததுதானே? மூணாந் தண்ணி ஊற்றின பிறகும் ஏதாவது மிச்சம் இருக்குமா? சும்மா கேட்டான். நேரம் இருக்கும்போது எழுது.

எங்கள் ஆசி.

அண்ணன்,
சின்னத்தம்பி

*

தம்போய்,
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கால் வலிக்கு எண்ணெய் தேய்த்தீர்களா?

ரபேல் அண்ணன் கேட்டதற்குப் பதில்: இல்லை, முடிந்துவிடாது. பொருக்குக் காய்ந்து உதிர்ந்தாலும் அதற்குள் வைரஸ் ஒரு மாசத்துக்கு மேலேயும் உயிரோடு கிடக்கும். அந்த மாட்டைக் கடித்த ஈயோ கொசுவோ உண்ணியோ அடுத்த மாட்டைக் கடித்தால் போதும். தண்ணீர் ஊற்றினால் மாட்டுக்குக் குளிர்ச்சி. வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. மனிதருக்கு ஒட்டாது, அந்தப் பயம் வேண்டாம். அவர் ஏன் கேட்டார்?

புது வீட்டுக்குத் திரைச்சீலை பச்சை நிறத்தில் எடுத்திருக்கிறேன். இவருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் பச்சைதான். சிவப்பி கழுத்துக்கு ஒரு மணி வாங்கிவிட்டேன், வெண்கலம், நல்ல நாதம். கன்றுக்குச் சின்ன மணி. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தேனு

*

(எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்தது)

லாபிஸ்,
25.7.2024

தேனு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. ஒரு மாசத்துக்கு மேல் என்று எழுதியிருந்தாய். நான் ஜூலை ஐந்தாம் தேதி மூணாந் தண்ணி ஊற்றி, ஆறாம் தேதி சிவப்பியை ரபேல் மாடுகளோடு விட்டேன். பொருக்கு உதிர ஆரம்பித்த நேரம். நான் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் ரபேலின் கன்றுக்குட்டிக்கு முதுகை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். ரபேலுக்கு மறுபடி அதே கால் வலியைச் சொன்னேன்.

இன்று காலையில் அவன் வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். "சின்னத்தம்பி! கன்னுக்குட்டிக்கு முத்துப் போட்டுருக்குய்யா! எங்கேருந்து வந்துச்சின்னே தெரியல! ஒன் மரத்துல கொஞ்சம் வேப்பிலை பறிச்சிக்கிறேன்!"

நானே ஏறிப் பறித்துக் கொடுத்தேன். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "அலமாக்! கால் வலின்னே, மரம் ஏறுறியே லா!" என்று சிரித்தான். தனக்காக நான் மரம் ஏறியதில் அவனுக்குச் சந்தோஷம். இலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது என் வீட்டில் அம்மா இல்லை. காகிதம் வெளியே போகலாம், உன் அண்ணியும் தடுக்கவில்லை. ஆனாலும் இதை நான் தபாலில் போடமாட்டேன் என்று எழுதும்போதே தெரிகிறது. என்ன மனுஷன் நான்!

அண்ணன்

*

தம்போய்,
6.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். வேலை அதிகம், அதனால் மூன்று வாரமாக எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் சமாச்சாரம் ஒன்றே ஒன்றுதான்.

சிவப்பிக்கு முத்துப் போட்டதா?

நீங்கள் எப்போதும் மனிதரோடு மாடுகளுக்கும் சேர்த்துச் சுகம் எழுதுவீர்கள், பேர் சொல்லி எழுதுவீர்கள். போன கடிதத்தில் "நானும் உன் அண்ணியும் சுகம்" என்று நிறுத்திவிட்டீர்கள். மாடுகள் சுகம் என்று பொய் எழுத உங்களுக்குக் கை வரவில்லை, இல்லையா? இன்னொன்று, ரபேல் அண்ணன் மாதா கோயிலுக்குப் போகிறவர். மூணாந் தண்ணிக் கணக்கு அவருக்கு எதற்கு அண்ணா?

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. இலாகாவில் சொன்னால் மாடுகளை வெட்டிப் புதைத்துவிடுவார்கள் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். நான் விசாரித்துவிட்டேன். இந்த நோய்க்கு அப்படிச் செய்வதில்லை. நோய் வந்ததைத் தனியாகக் கட்டச் சொல்வார்கள், மாடுகளை இடம் மாற்றக் கூடாது என்பார்கள், இன்னும் வராத மாடுகளுக்குச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தடுப்பூசி போடுவார்கள். ஊசி பலம் பிடிக்க ரெண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் முக்கியம். உங்கள் எட்டு மாட்டுக்கும் ரபேல் அண்ணனின் பதினொன்றுக்கும் அதுதான் வழி.

என் வீட்டு வாசலுக்குச் சிவப்பி வராவிட்டால் போகட்டும். உடனே சொல்லிவிடுங்கள், முதலில் இலாகாவிடம், அப்புறம் ரபேல் அண்ணனிடம். எனக்குக் கடைசியில் எழுதினால் போதும்.

தேனு

*

லாபிஸ்,
13.8.2024

அன்புத் தங்கை தேனுவுக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். மாடுகள் சுகமில்லை.

உனக்கு எழுதிப் போடாமல் வைத்திருந்த ரெண்டு காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அரிசி வாசம் அடிக்கும். அதைப் படித்துவிட்டு இதைப் படி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலையில்தான் ரபேலின் கன்று செத்தது. உடனே அவனிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அன்று முழுக்க முடியவில்லை, சனிக்கிழமையும் முடியவில்லை. இலாகாவுக்கு மட்டும் உன் அண்ணியை விட்டுப் போன் போடச் சொன்னேன். ஞாயிறு அவன் கோயில் முடிந்து வரும்வரை ரோட்டோரம் நின்றேன். லோரியை நிறுத்தி இறங்கினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முத்துப் போட்டது, வேப்பிலை கட்டியது, கால் வலி பொய், மூணாந் தண்ணி, மரம் ஏறியது, ஒன்றையும் விடவில்லை.

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு ஏதோ சொன்னான். முப்பது வருஷமாக என்னிடம் கத்திப் பேசியவன், அன்றைக்கு மெதுவாகச் சொன்னான். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு லோரியில் ஏறிப் போய்விட்டான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நேற்று இலாகாவிலிருந்து டாக்டர் ஷர்மினி வந்தார். நம் தமிழ்ப் பெண். நீ சொன்னபடிதான், யாரையும் கொல்லவில்லை. சிவப்பிக்குப் பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது, இருந்தாலும் தனியாகத்தான் கட்ட வேண்டுமாம். என் மிச்ச மாடுகளுக்கும், ரபேலிடம் நோய் வராத எட்டுக்கும், பாக் மான், வேலு வீட்டு மாடுகளுக்கும் ஊசி போட்டார். ரபேலுக்கு இன்னும் ரெண்டு மாட்டுக்கு முத்து இருக்கிறது. டாக்டர் உன் அண்ணியிடம் ரபேலின் செத்த கன்றைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முன்னமே சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்கும் என்பதுதான், கேட்காவிட்டாலும் புரிந்தது.

மாடு எதுவும் இங்கிருந்து நகரக் கூடாது. உன் வாசலுக்குச் சிவப்பி வர மாட்டாள். அக்காளிடம் நீ சொன்ன வார்த்தையை நான் கெடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து சத்தமே இல்லை. எனக்கு எப்போதும் சத்தம் இல்லைதான். ஆனால் இது வேறு.

அண்ணன்

*

தம்போய்,
25.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூவரும் உடம்புக்குச் சுகம். அண்ணியையும் மாடுகளையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் மூன்று கடிதத்தையும் பஸ் நிறுத்தத்தில் நின்றே படித்தேன். ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

ஜூலை பதினாலாம் தேதி உங்களுக்குப் பதில் எழுதும்போதே எனக்குத் தெரியும். மூணாந் தண்ணி என்ற வார்த்தையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிவப்பியை ரபேல் அண்ணன் மாடுகளோடு விட்டதையும் நீங்களே எழுதியிருந்தீர்கள். "அவர் ஏன் கேட்டார்?" என்று ஒரு வரி கேட்டுவிட்டுத் திரைச்சீலைக்குத் தாவினேன். மறுநாள் கால்நடை இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். தேதியைப் பாருங்கள், ஜூலை பதினைந்து. கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போய் வந்தேன். வேலை அதிகம் என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய். சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு மனசு. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, சிவப்பி வராவிட்டால் இவர் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு மனசு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் ரெண்டாவது மனசுதான் பெரிதாக இருந்தது.

நாள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் போலிக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். உங்கள் கூப்பாடு என்னிடம் வந்தது. என்னிடமே நின்றுவிட்டது. ரபேல் அண்ணனுக்குப் போகவில்லை.

அன்றைக்கே இலாகா வந்திருந்தால் கன்று பிழைத்திருக்குமா? பிழைத்திருக்கலாம். ஈ அதற்கு முன்பே கடித்திருக்கவும் கூடும். அது எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் நீங்கள் தனியாகச் சுமக்கும் பாரத்தில் அந்த மூன்று வாரம் என்னுடையது. இந்தக் கடிதத்தையும் இலாகாவுக்கு எழுதினதையும் ரபேல் அண்ணன் கையில் கொடுங்கள். நான் நேரில் வந்தும் சொல்கிறேன்.

மாடில்லாமலே குடிபோகிறோம். இவர் அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "இதுக்கா இவ்ளோ நாள் மறைச்சே?" என்றார், அவ்வளவுதான். நீங்களும் அண்ணியும் மட்டும் வாருங்கள், சனிக்கிழமை ரயிலிலேயே வந்துவிடுங்கள். மணிகள் ரெண்டும் பெட்டியில் இருக்கின்றன. அவை சிவப்பிக்குத்தான்.

தேனு

*

லாபிஸ்,
12.9.2024

அன்புத் தங்கை தேனுவுக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். மாடுகள் ஒன்பதும் சுகம். சிவப்பி பழையபடி தின்கிறாள், தோலில் தழும்பு மட்டும் நிற்கிறது. கன்று, கட்டைக்கொம்பி, ராணிகள் ரெண்டு பேர், மிச்ச நாலு பேர், எல்லோரும் சுகம். ரபேலின் ரெண்டு மாடும் தேறிவருகின்றன.

புது வீட்டில் பால் நன்றாகப் பொங்கியதா? நாங்கள் வராததற்கு உனக்குக் கோபம் இருக்கும். போனில் உன் அண்ணி சொன்னது அரைகுறை. முழுக்கச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே ரபேலிடம் ரெண்டு காகிதத்தையும் கொடுத்தேன். வேலி ஓரம் நின்றே படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.  அவன் என்னிடம் பேசாமல் ஒரு மாசம் ஆகப்போகிறது என்று போன வாரம் உன் அண்ணி நாள்காட்டியைக் காட்டினாள்.

சனிக்கிழமை காலையில் நான் வேட்டி கட்டி, பையைக் கையில் எடுத்துவிட்டேன். ரயிலுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. உன் அண்ணி தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் ரோட்டுக்கு வந்து நின்றான்.

"சின்னத்தம்பீ! என் வெள்ளச்சிக்குக் காய்ச்சல்யா! எல்லாரும் மாட்டை உள்ள கட்டுங்க! சின்னத்தம்பீ, ஓடி வாய்யா!"

பையைப் போட்டேன். வேட்டியோடு ஓடினேன். போகிற வழியில் பார்த்தேன், பாக் மான் தன் மாடுகளை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார், வேலு பட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான். யாரோ டாக்டர் ஷர்மினிக்குப் போன் போட்டிருந்தார்கள். நானும் ரபேலும் ஆளுக்கொரு பக்கம் வெள்ளச்சியைப் பிடித்துக்கொண்டு அவள் தோல் முழுக்கத் தடவிப் பார்த்தோம். முத்து இல்லை. டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போனார், உண்ணிக் காய்ச்சல்தானாம். ஊசி போட்டிருக்கிறது, நேற்றிலிருந்து அசை போடுகிறாள். ரயில் அதற்குள் ஜோகூர் பாருவுக்கே போயிருக்கும்.

உன் வீட்டுக்கு அடுத்த மாசம் வருகிறோம். ரபேலும் வருகிறான், லோரியில் இல்லை, எங்களோடு ரயிலில். உன்னிடம் நேரில் ஏதோ கேட்க வேண்டுமாம். கத்தித்தான் கேட்பான், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். சனிக்கிழமை ரபேல் கூப்பிட்டதை உன் அண்ணி என் தோளைத் தட்டிச் சொல்லவில்லை. மெஷினும் அரிசி டின்மேல்தான் கிடந்தது. எனக்கே கேட்டது, தேனு.

அண்ணன்,
சின்னத்தம்பி